‘அதுக்குள்ள இருட்டிடுச்சா?’: சென்னையின் பகல் நீளம் குறித்து ஓர் ஆய்வுரை

நவம்பர் மாத மாலைகளில் சென்னையின் மொட்டை மாடிகளில் தவறாமல் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “அதுக்குள்ள இருட்டிடுச்சா?” சொல்பவர் பெரும்பாலும் பிளாஸ்டிக் பக்கெட்டோடு துணி எடுக்க வந்தவர். கேட்பவர் பக்கத்து மாடியில் அதே வேலையாக நிற்பவர். “ஆமாக்கா, மணி இன்னும் ஆறுகூட ஆகல” என்பது மரபான மறுமொழி. அறிவுலகம் இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டது. உண்மையில் இது ஒரு வானியல் கூற்று, சரிபார்க்கத் தக்கது. சரிபார்த்ததில், அக்கா சொன்னதே சரி என்பது இவ்வாய்வின் முதல் முடிபு.

மறுப்பாளர் தரப்பை முதலில் கேட்போம். சென்னை இருப்பது வடக்கே 13 பாகையில். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து வீடு இல்லையென்றாலும் அதே தெரு. ஜூன் 21 அன்று இங்கே பகல் ஏறக்குறைய 12 மணி 54 நிமிடம். டிசம்பர் 21 அன்று 11 மணி 21 நிமிடம். ஆக, வருடம் முழுக்கச் சூரியன் செய்யும் மொத்த அட்டகாசமும் ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் இதே வித்தியாசம் எட்டரை மணி நேரத்தையும் தாண்டும். அங்கே மார்ச் மாதத்தில் பகல் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் நீளுகிறது. இங்கே முக்கால் நிமிடம்கூட இல்லை. இந்தச் சில்லறைக்கா இத்தனை ஆச்சரியம் என்பது மறுப்பாளர் கேள்வி.

இவர்கள் துணி எடுக்க மாடிக்குப் போனதில்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது. லண்டனில் சூரியன் சரிவாக, தயங்கித் தயங்கி இறங்கும். ஜூன் மாதத்தில் அது மறைந்த பிறகும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் நிற்கும். சென்னையிலோ சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக விழுகிறது. மறைந்து 25 நிமிடம் ஆவதற்குள் விளக்குப் போட வேண்டியதுதான். கிளிப்பைக் கழற்றும்போது கருநீலமாக இருந்த பேன்ட், மடித்துப் பக்கெட்டில் போடும்போது கறுப்பாகிவிடுகிறது; எந்த சாக்ஸுக்கு எது ஜோடி என்பதைக் கீழே போய் டியூப் லைட்டில்தான் தீர்மானிக்க முடிகிறது. இருட்டு எத்தனை மணிக்கு வருகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக வருகிறது என்பதே மாடியின் கவலை. லண்டன் புள்ளிவிவரத்தால் இதைத் தொடவே முடியாது.

அடுத்தது தேதிச் சிக்கல். மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22 என்று பள்ளியில் படித்தோம், சரிதான். அப்படியானால் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவதும் அன்றுதானே? இல்லை. சென்னையில் அது நவம்பர் 20-ஐ ஒட்டி, மாலை 5.39-க்கு. டிசம்பர் 21 வருவதற்குள் மறைவு நேரம் 5.48-க்கு நகர்ந்துவிடுகிறது. அதாவது அக்கா வாய்விட்டுச் சொல்வது கார்த்திகை பிறந்த முதல் வாரத்தில், வாசலில் அகல் ஏற்றத் தொடங்கும் நாட்களில், மிகச் சரியான நேரத்தில். டிசம்பர் 21 அன்று ஆச்சரியப்படுகிறவர் பாடப் புத்தகம் படித்தவர். ஒரு மாதம் தாமதம்.

காரணம் கொஞ்சம் கடினமானது, பொறுத்துக்கொள்ள வேண்டும். பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது. அதன் பாதையும் முழு வட்டமல்ல. ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகே வருவதால் அப்போது வேகமும் அதிகம். இரண்டும் சேர்ந்து, டிசம்பர் பிற்பகுதியில் ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுதுக்கு 24 மணி நேரத்துக்கு மேல் அரை நிமிடம்போல ஆகிறது. கடிகாரம் அதற்காகக் காத்திருப்பதில்லை. எனவே உதயம், அஸ்தமனம் இரண்டுமே நாளுக்கு நாள் பின்னுக்குத் தள்ளிப் போகின்றன. (1906-க்கு முன் சென்னைக்கு நுங்கம்பாக்கம் வானாய்வகத்தை வைத்துக் கணித்த சொந்த நேரம் இருந்தது, இன்றைய இந்திய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பின்னால். அது நீடித்திருந்தால் நவம்பர் அஸ்தமனம் 5.30-க்கே என்று காட்டியிருக்கும். அக்காவின் குரல் இன்னும் ஓங்கியிருக்கும்.)

இதிலிருந்து மார்கழி பற்றிய ஒரு கசப்பான உண்மை வெளிப்படுகிறது. மார்கழி முதல் நாள் உதயம் 6.24-க்கு. இருட்டில் எழுந்து கோலம் போட்டதைத் தியாகமாகச் சொல்லிக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சென்னையில் மிகத் தாமதமான உதயம் ஜனவரி 25-ஐ ஒட்டி, 6.36-க்கு. அதாவது தை பத்துத் தேதிவாக்கில். பொங்கல் முடிந்து, பூசணிப்பூவும் சாணியும் மறந்து, எல்லோரும் போர்வைக்குள் திரும்பிய பிறகுதான் விடியல் உச்சகட்டத் தாமதத்தை அடைகிறது. தை பிறந்தால் பகல் நீளும் என்பது பொய்யல்ல. ஆனால் தை பத்து வரை நீளுகிற அத்தனையும் மாலைப் பக்கம் போய்ச் சேருகிறது, காலைக்குப் பங்கு இல்லை. உண்மையான இருட்டில் எழுந்த பெருமை தை மாதத்தில் பால் பாக்கெட் போடுகிறவருக்கு உரியது. அவர் இதுவரை அதைக் கோரவில்லை.

இனி இவ்வாய்வின் ஆபத்தான பகுதி: ராகு காலம். தினசரி காலண்டரில் திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9.00 வரை என்று போட்டிருக்கும்; வருடம் முழுக்க அதே. கணக்கின் அடிப்படை என்னவென்றால், உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டுப் பங்காக்கினால் திங்களன்று இரண்டாம் பங்கு ராகுவுக்கு. காலண்டர்க்காரர் உதயம் 6 மணி, பகல் 12 மணி நேரம் என்று வைத்துச் சுலபமாக முடித்துவிட்டார். ஜனவரி கடைசித் திங்களன்று சென்னையின் சூரியனைக் கேட்டால் வேறு பதில் வருகிறது: உதயம் 6.36, ஒரு பங்கு 86 நிமிடம், ஆக ராகு காலம் சுமார் 8.02 முதல் 9.28 வரை. பெண் பார்க்கப் புறப்பட்ட குடும்பம் ஒன்று, காரில் ஏறாமல் 9 மணி வரை வாசலில் நின்று, பெரியவர் வாட்சைப் பார்த்து “ம், இப்ப ஏறுங்க” என்றதும் 9.05-க்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல நேரத்தை நின்று கழித்துவிட்டு, ராகு காலத்தின் நட்டநடுவில் கிளம்பியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஜூன் தொடக்கத்திலோ எல்லாம் 8.54-க்கே முடிந்துவிடும், அங்கே நஷ்டம் ஆறு நிமிடம் மட்டுமே. உதயத்தை வைத்துக் கணிப்பவர்களுக்கு இது புதிதல்ல. தைக் கல்யாணங்கள் எல்லாம் இதற்குப் பிறகும் நன்றாகவே நடக்கின்றன என்பதை ராகு தரப்புக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதா, பாதகமாகவா என்று இவ்வாய்வு சொல்லப் போவதில்லை.

கடைசியாக வீட்டு புரோக்கர்கள். “வடக்குப் பார்த்த பால்கனி சார், வெயிலே வராது” என்பது இத்துறையின் அடிப்படைக் கோட்பாடு. டிசம்பரில் வீடு பார்ப்பவருக்கு இது கண்கூடான உண்மை. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. ஏப்ரல் 24 வாக்கில் அது சென்னையின் உச்சந்தலைக்கு நேரே வந்து, நிழலைக் காலடியில் சுருட்டிவிட்டு, வடக்கே தாண்டுகிறது. திரும்புவது ஆகஸ்ட் 18 வாக்கில். இடைப்பட்ட நாட்களில் விடிந்தது முதல் அடையும் வரை சூரியன் வானத்தின் வடபாதியை விட்டு நகர்வதே இல்லை. மத்தியானத்தில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் தெற்கே விழும். மே மாதம் தொட்டிக்குத் தெற்கே வடாம் பிழிந்தவர்கள் அந்தப் பக்கத்து வடாம் மட்டும் ஏன் நமுத்தது என்று மாவைக் குறை சொல்வார்கள். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து வடக்குப் பால்கனிக்குள் நுழைந்து, ஷூ ஸ்டாண்டைத் தாண்டிக் கூடத்து சோபாவைத் தொடும். கத்திரி வெயில் முழுக்க இதில் அடக்கம். அட்வான்ஸ் கொடுத்தவர் இந்த நான்கு மாதத்துக்கு வாடகையில் கழிவு கேட்கலாமா என்பது வானியலுக்கு வெளியே உள்ள கேள்வி. புரோக்கர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.