அடிமுடி கண்ட அணி

எங்கள் திருவண்ணாமலைச் சாமிக்குச் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி மேல் லேசாகப் பொறாமை இருக்கும் என்பது என் சந்தேகம். விஷ்ணு பன்றியாகி யுகக்கணக்கில் மண்ணைத் தோண்டியும் அடியைப் பார்க்கவில்லை. பிரம்மா அன்னமாகிப் பறந்தும் முடியைப் பார்க்கவில்லை. வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்துப் பொய்ச்சாட்சி சொல்லவைத்து, அந்தப் பாவத்துக்கு இன்றுவரை அதிகம் கோயில் இல்லாமல் கிடக்கிறார். இரண்டு பெரிய இடத்து ஆட்களால் ஆகாத காரியத்தை, பெரியமேட்டு ஸ்டேடியத்தில் நீலச் சட்டை போட்டு ஓடிய பதினோரு பேர் ஒரே வருஷத்தில் முடித்தார்கள். 2018 மார்ச்சில் முடி. 2019 மார்ச்சில் அடி. தாழம்பூவே தேவைப்படவில்லை, புள்ளிப் பட்டியலே சாட்சி.

பிறந்த கதையிலிருந்து வருவோம். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகள். முதலாளிகளின் பெயரைப் படித்தால் இது கால்பந்து சமாச்சாரம் என்றே தோன்றாது. கேரளாவுக்கு டெண்டுல்கர், கொல்கத்தாவுக்கு கங்குலி, மும்பைக்கு ரன்பீர் கபூர், வடகிழக்குக்கு ஜான் ஆபிரகாம், கோவாவில் பங்குக்கு விராட் கோலி. பந்தைக் காலால் உதைத்துப் பிழைத்தவர் யாராவது இருக்கிறாரா என்று அந்தப் பட்டியலில் தேடுவதற்குள் டீ ஆறிவிடும்.

உரிமம் பெற்ற ஊர்களின் முதல் பட்டியலில் சென்னையே கிடையாது. பெங்களூர்தான் இருந்தது. அந்த உரிமத்தை எடுத்தது சென்னையின் சன் குழுமம். சென்னைக்காரர் பெங்களூருக்கு அணி வாங்கினார், பிறகு விலகிக்கொண்டார். காலியான இடத்தில் பம்பாய்க்காரர் வந்து சென்னைக்கு அணி வாங்கினார். அவர் அபிஷேக் பச்சன். கூட வீட்டா தானி. இரண்டு பேரையும் வைத்து மெட்ராஸில் போஸ்டர் ஒட்டினால் பால் ஊற்ற ஆள் வராது என்று யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லியிருக்க வேண்டும், ராஞ்சியிலிருந்து தோனியையும் சேர்த்துக்கொண்டார்கள். அத்தோடு ஊருக்குச் சொந்தமான அணி ஆகிவிட்டது. தோனி எதில் கைவைத்தாலும் அது நம்முடையது என்பது இங்கே சட்டம்.

பயிற்சியாளராக வந்தவர் மார்க்கோ மத்தராஸி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கினாரே, அவரேதான். அதே ஆட்டத்தில் இத்தாலிக்காக ஒரு கோலும் போட்டவர் என்பதை அவர் வீட்டார் தவிர எல்லோரும் மறந்துவிட்டார்கள். 41 வயது, ஓய்வு பெற்று மூன்று வருஷம். பயிற்சியாளர் மட்டுமா, நானும் இறங்கி ஆடுவேன் என்றார். பழைய சிநேகிதர் நெஸ்டாவையும் கூப்பிட்டுக்கொண்டார். மான்செஸ்டர் யுனைட்டெடில் ஆடிய சில்வெஸ்டர் வந்தார். எல்லாருக்கும் மேலே பிரேசிலின் இலானோ. ஐரோப்பாவில் கால் ஓய்ந்த பெருந்தலைகள் இமயமலைக்குப் போகாமல் பெரியமேட்டுக்கு வந்தார்கள் என்று அன்று கேலி பேசினார்கள். எங்கள் ஊரில் யாரும் கேலி பேசவில்லை. கடைசிக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து தங்குவதை ரமணாசிரமத்துப் பக்கம் தினமும் பார்க்கிறோம்.

அந்த ஸ்டேடியத்துக்கு கிளப் வைத்த பெயர் மெரினா அரீனா. பெரியமேட்டில் உட்கார்ந்து அலைச் சத்தம் கேட்க நல்ல கற்பனை வேண்டும். கேட்பதெல்லாம் சென்ட்ரலுக்குப் போகும் ஆட்டோக்களின் ஹாரன்.

ஆனால் அணி ஆடியது. முதல் வருஷமே லீக் சுற்றில் முதலிடம். இலானோ 8 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கினார். அரையிறுதியில் கேரளாக்காரர்கள். கொச்சியில் மூன்று கோல் வாங்கிக்கொண்டு திரும்பி, சென்னையில் அதே மூன்றைத் திருப்பிக் கொடுத்து, கணக்கு சமம் ஆகி, கூடுதல் நேரம் போனது. 117-வது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோலைப் போட்டார். ஸ்காட்லாந்துக்காரர், சென்னையில், கேரளாவுக்காக. மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் பெனால்டியில் என்ன ஆகியிருக்குமோ. மலையாளிகள் நம் தண்ணீரைத்தான் தடுப்பார்கள் என்று நினைத்திருந்த காலம் அத்தோடு முடிந்தது.

2015தான் சங்கதி. பத்து ஆட்டத்தில் ஆறு தோல்வி, கையில் 10 புள்ளி, பட்டியலில் கடைசி. நியாயமாக மத்தராஸிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். கார்த்திகை மாசத்தில் என்ன நடந்ததோ, மீதி நாலு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து மூன்றாம் இடத்துக்கு வந்து அரையிறுதிக்குள் நுழைந்துவிட்டார்கள். மலைமேல் தீபம் ஏற்றும் மாசம் என்பதால் காரணம் நாங்கள்தான் என்று இங்கே ஒரு கட்சி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் அந்தக் கட்சியில் உறுப்பினர் இல்லை, அனுதாபி.

அணி எழுந்தது, ஊர் மூழ்கியது. அந்த டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியாது. விமான நிலையமே ஏரியானது. சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சொந்த மண்ணில் ஆடுவது பெரிய பலம் என்பார்கள். இவர்கள் வாடகை மண்ணில் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் தாண்டிவிட்டார்கள்.

மார்கழி பிறந்த கையோடு, டிசம்பர் 20, கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் கோவாவுக்கு எதிராகவே இறுதி ஆட்டம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனது. அரங்கம் முழுக்க ஆட்டம். இங்கே டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் பொங்கல் சாப்பிடக் காலையில் எழுந்திருக்க வேண்டும் என்று அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் பாவம். 90-வது நிமிடத்தில் பந்து கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் மேல் பட்டு அவருடைய வலைக்குள்ளேயே போனது. சரி, கூடுதல் நேரம் என்று மூச்சு விடுவதற்குள், கொலம்பியாக்காரர் மெண்டோசா இன்னொன்றைப் போட்டார். 3-2. சென்னை சாம்பியன். அந்த சீசனில் மெண்டோசா போட்டது மொத்தம் 13 கோல்.

அடுத்த வருஷம் எட்டில் ஏழாவது இடம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஆடியவர்களுக்கும் ஒன்றும் இருந்திருக்காது. மத்தராஸி போனார். ஆஸ்டன் வில்லாவின் பழைய மேனேஜர் ஜான் கிரிகரி வந்தார்.

2018 இறுதி ஆட்டம் பெங்களூரோடு, எங்களுக்குத் தனிப்பட்ட விவகாரம். திருவண்ணாமலையிலிருந்து மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் ஏறக்குறைய ஒரே தூரம், இரண்டு பக்கமும் 200 கிலோமீட்டர். பாதி வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பக்கம் வேலை, பாதி அந்தப் பக்கம். பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டத்திலும் கர்நாடகா பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஆகவே மார்ச் 17 அன்று ஊரே இரண்டுபட்டது என்று எழுத ஆசைதான். உண்மையில் ஊர் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தது. இரண்டுபட்டது நாலைந்து டீக்கடை.

பெங்களூர் லீக் சுற்றில் 40 புள்ளி. நம்மவர்கள் இரண்டாமிடம், 32. மைதானமும் அவர்களுடையது, கண்டீரவா. ஒன்பதாவது நிமிடத்திலேயே சேத்ரி தலையால் முட்டி ஒன்று போட்டார். "அவ்ளோதாண்ணே, கெளம்பலாம்" என்றான் பக்கத்தில் இருந்த பையன். "உக்காருடா, கார்னர் வரட்டும்" என்றார் கடைக்காரர். அவருக்குக் கால்பந்து தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது. பிரேசில் தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ் கார்னரில் தலையை வைத்து ஒன்று, இடைவேளைக்குச் சற்று முன்னால் இன்னொரு கார்னரில் இன்னொன்று. பிறகு ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. கடைசியில் பெங்களூரின் மிக்கு ஆறுதலுக்கு ஒன்று. மறுபடியும் 3-2, மறுபடியும் எதிராளியின் வீட்டிலேயே கோப்பை. நடு ஆட்டத்தில் வியாசர்பாடி தனபால் கணேஷ் ஓடிக்கொண்டிருந்தார் என்பதில் எனக்குக் கூடுதல் சந்தோஷம். பச்சனுக்கும் தோனிக்கும் நடுவில் வடசென்னைக்கும் ஒரு பங்கு.

அப்புறம்தான் அடியைப் பார்க்கக் கிளம்பினார்கள். அதே பயிற்சியாளர், பெரும்பாலும் அதே ஆட்கள். 18 ஆட்டம், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி, 9 புள்ளி, பத்து அணியில் பத்தாவது. நடுவில் காயம், ஃபார்ம் என்று ஆயிரம் காரணம் சொன்னார்கள். எனக்குத் தோன்றுவது, இப்படி விழுவதற்கு வெறும் துரதிர்ஷ்டம் போதாது, திறமையும் வேண்டும். அந்த வருஷம் ஆசியக் கிளப் போட்டிக்கு வேறு தகுதி பெற்றிருந்தார்கள். அதன் "சொந்த ஊர்" ஆட்டங்களை ஆடியது அகமதாபாத்தில்.

இதே மார்ச் 2019-ல், இன்னொரு லீக்கில், இன்னொரு சென்னை முடியைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. சென்னை சிட்டி எஃப்.சி. 1946-ல் நேதாஜி பெயரில் பிறந்த பழைய கிளப். ரோஹித் ரமேஷ் கையில் 2017-ல் ஐ-லீக்குக்குள் வந்தது. பெயர் சென்னை, ஆடியது கோயம்புத்தூர். நம்மூர் பசங்களோடு ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களிலிருந்து சில பேரைக் கூட்டி வந்தார்கள், பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். பெட்ரோ மான்சி என்பவர் 21 கோல் போட்டார். மார்ச் 9, கடைசி நாள். மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. கோழிக்கோட்டில், பட்டத்துக்குப் போட்டியாக இருந்த ஈஸ்ட் பெங்கால் காதை இங்கே வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் ஒன்று, கௌரவ் போரா இரண்டு. 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, ஆனால் 42 புள்ளி. சென்னை சிட்டி 43. நூறு வருஷத்தை எட்டிப்பிடிக்கப்போகும் கொல்கத்தா கிளப்பை ஒரு புள்ளியில் கோயம்புத்தூர்க்காரர்கள் கவிழ்த்தார்கள். இதற்கு ஒரு சினிமா எடுத்திருக்க வேண்டும். நாலு நாள் பேசிவிட்டு ஐ.பி.எல். பார்க்கப் போய்விட்டோம்.

சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து 26 சதவீதம் வாங்கியது. பாசல் உலகத்துக்கே மாத்திரை செய்து கொடுக்கும் ஊர். இந்த நோயாளிக்கு மட்டும் அது வேலை செய்யவில்லை. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே கிடையாது. சாம்பியன் பட்டத்துக்கும் காணாமல் போனதற்கும் நடுவில் இரண்டே சீசன்.

இவ்வளவு சொன்னதில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சென்னை பெயர் வைத்த அணிகள் வாங்கிய லீக் கோப்பைகள் மூன்று: கோவா, பெங்களூர், கோயம்புத்தூர். சென்னையில் ஒன்றுகூட இல்லை.

மீதிக் கதை வேகமாகச் சொல்லத்தக்கது. 2019 கடைசியில் ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றியோடு கிரிகரி கிளம்ப, ஓவன் காயில் வந்து, கடைசிக்குப் பக்கத்தில் கிடந்த அணியை இறுதி ஆட்டம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். 2020 மார்ச் 14, அதே ஃபட்டோர்டா. கொரோனாவால் பார்வையாளர் ஒருவர்கூட உள்ளே இல்லை. கொல்கத்தாவிடம் 3-1 தோல்வி. தோற்றதை நேரில் பார்க்க யாரும் இல்லாதது ஒருவகையில் மரியாதை.

அதன் பிறகு மூன்று சீசன்: எட்டாவது இடம், எட்டாவது இடம், எட்டாவது இடம். கிரிவலப் பாதையில் லிங்கம் எட்டு என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இந்த எட்டுதான் தாங்கவில்லை. கடைசி இடத்தில் இருக்கும் அணியைத் திட்டலாம், முதலிடத்தைக் கொண்டாடலாம். எட்டாவது இடத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ராத்திரி பத்தரைக்கு என்ன செய்வது? பஸ்தான் பிடிக்கலாம், விடிய ஊர் வந்து சேரலாம். காயில் திரும்பி வந்து ஒருமுறை ஆறாவது, மறுமுறை பதின்மூன்றில் பதினொன்றாவது.

2025 ஜூலையில் லீக்கே நின்றது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய கம்பெனிக்கும் இடையே இருந்த 15 வருஷ ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது, அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. வேலைகளை நிறுத்திவைத்தது. கடைசி இடம் வேண்டும் என்றாலும் பட்டியல் என்று ஒன்று வேண்டுமே.

பிறகு ஒருவழியாகப் பேசி முடித்து, 2026 பிப்ரவரி 14-ல் லீக் என்று நாள் குறித்தார்கள். அதற்குள் கிளப் ஒரு புதுமை செய்திருந்தது. இத்தாலி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஹங்கேரி, மாண்டினீக்ரோ, ஜெர்மனி என்று ஐரோப்பாவைச் சுற்றி முடித்து, முதல்முறையாக ஒரு இந்தியரை நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். பெயர் கிளிஃபோர்ட் மிராண்டா. சொந்த ஊர் கோவா. 2015-ல் ஃபட்டோர்டாவின் அந்தக் கடைசி மூன்று நிமிடத்தில் நாம் செய்த காரியம் அவருக்கு நினைவில்லாமல் இருந்தால் நல்லது.