அலுமினிய அண்டாவில் துளையிடல்: ஒரு மூலபாட ஆய்வு

வீட்டில் பீர் காய்ச்சும் அமெரிக்கரின் அண்டாவைப் பற்றி இதுவரை எழுதியோர் அனைவரும் காய்ச்சுவது எப்படி என்றே எழுதினர். ஆகவே அவ்வெழுத்துகள் ஆய்வுகள் ஆகா. அக்குறையை நீக்கும் முதல் முயற்சி இது (காண்க: இக்கட்டுரை).

காலம்: 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், சொந்த உபயோகத்துக்கான வீட்டுப் பீருக்கு மத்திய அரசின் வரியை விலக்கியது. அதற்கு முன்பும் காய்ச்சினார்கள். சான்றுகளைக் குடித்துவிட்டதால் அது இருண்ட காலம் எனப்படும்.

அளவு: 19 லிட்டர் பீருக்கு 30 லிட்டர் அண்டா வேண்டும், ஏனெனில் கொதிக்கையில் மால்ட் சாறு பொங்கும். இதில் ஆய்வுக்கு இடமில்லை.

உலோகம்: எவர்சில்வரைவிட அலுமினியம் பத்து மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும், விலையும் குறைவு. வான்கோழி பொரிப்பதற்கென அமெரிக்காவில் விற்கும் அலுமினிய அண்டாக்கள் பல இவ்வாறு மறுபிறவி எடுத்துள்ளன. அலுமினியப் பாத்திரத்தால் மறதிநோய் வரும் என்போர் உளர், அது நிறுவப்படவில்லை. பீரால் வரும் மறதி குறித்து அவர்கள் மௌனம் சாதிப்பது கவனிக்கத்தக்கது.

நிறம்: புது அண்டாவில் வெறுந்தண்ணீரை அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் பளபளப்பு மங்கிச் சாம்பல் நிறம் படியும். அந்த ஆக்ஸைடு படலமே காப்பு. அதைக் கம்பி நாரால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குபவர், கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு அடிக்கும் கோயில் அறங்காவலருக்கு நிகரானவர். காஸ்டிக் சோடா கலந்த துலக்கும் பவுடரோ அலுமினியத்தையே அரிக்கும்.

இனி துளை. மூல அண்டாவில் துளை இல்லை, அடிப்பக்கத்தில் திரவத்தை வடிக்கக் காணப்படும் பந்து வால்வு பிற்கால இடைச்செருகல் என்பதில் ஐயமில்லை (காண்க: மேலே, முதற்பத்தி, அங்கே இக்கட்டுரையே சான்றாகக் காட்டப்பட்டுள்ளது). சிக்கல் அதன் அளவில். வால்வு அரை அங்குலம் எனப்படுகிறது. அரை அங்குலம் 12.7 மி.மீ. நம்பித் துளையிட்டவர் குழாயை நுழைக்க முடியாமல் திகைப்பார். ஏனெனில் அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. உள்ளே அளந்தால், வழக்கமான கனமுள்ள குழாயில், சுமார் 15.8. அந்த 12.7 உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

அப்படியானால் அந்த அரை அங்குலம் எங்கே? பெயருக்கு ஏற்ற ஆதிக்குழாய் ஒன்று இருந்து கடல்கோளில் அழிந்தது என்பதே நம் துணிபு. சான்று கேட்போருக்கு: சான்றும் அதே கடல்கோளில் அழிந்தது. இந்த வாதமுறை நம் கண்டுபிடிப்பன்று, இதைக் கொண்டே துறைத்தலைவர் ஆனோர் உண்டு (விரிவுக்கு: இவ்வாசிரியரின் 'அண்டமும் அண்டாவும்', தொகுதி 4, எழுதப்படவில்லை, அதன் மறுப்பு, தொகுதி 5, மறுப்புக்கு மறுப்பு, இவ்வாசிரியரே, மணிவிழா மலர்).

முடிவு: பெயரை நம்பாதீர்கள், வாங்கிய வால்வோடு இணையும் குழாயின் வெளிமரையை அளந்து துளையிடுங்கள், 21 அல்லது 22 மி.மீ. வரும். படிப்படியாகப் பெருக்கும் டிரில் பிட் நல்லது. சிலிக்கோன் ஓ-ரிங், வாஷர், லாக் நட் மாட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கசிந்தால் நட்டை இன்னும் கால் சுற்று முறுக்குங்கள். ஆய்வாளர்களைக் கூப்பிடாதீர்கள், கசிவு இருவகைப்படும் என்று தொடங்கிவிடுவார்கள்.