இங்கதான் இருந்துச்சு

சென்னையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் யாராக இருந்தாலும் ஊரில் அவருக்கு ஓர் அண்ணன் இருப்பார். அந்த அண்ணனுக்கு ஒரு மகன் இருப்பான். படிப்பை முடித்துவிட்டு இன்டர்வியூவுக்கென்று முதல்முறையாகப் பட்டணம் வருவான். போன காரியம் முடிந்து, திரும்ப டிக்கெட் கிடைப்பதற்குள் இரண்டு நாள் மிச்சம் விழும். அந்த மிச்ச நாளுக்காகவே அவதாரம் எடுத்தவர்தான் சென்னைச் சித்தப்பா.

"ஒரே நாள்ல மொத்த மெட்ராஸையும் காட்டிடுறேன்" என்று முந்தின நாள் ராத்திரியே அறிவித்துவிடுவார். டூரிஸ்ட் பஸ் கூடாது. அவன் எதையாவது காட்டுவான். கூகுள் மேப்பும் கூடாது. அது நேற்று வந்தது, அதற்கு என்ன தெரியும்? காலை ஏழு மணிக்கு ஒரு கையில் குடை, மறு கையில் மஞ்சள் பை, பைக்குள் தண்ணீர் பாட்டில் சகிதம் வாசலில் நின்று, "இன்னும் கிளம்பலையாடா?" என்று அதட்டுவார். பையன் குளித்துத் தலைசீவி அரை மணியாக அவர் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பான்.

முதல் நிறுத்தம் எழும்பூர் அருங்காட்சியகம். சித்தப்பாவுக்கு அது இன்றைக்கும் செத்த காலேஜ்தான். 1851-ல் தொடங்கியது. திருவாலங்காட்டு நடராஜர் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறார். அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. ஆனால் சித்தப்பா நல்ல நாள் பார்த்துக் கிளம்பியிருப்பது வெள்ளிக்கிழமை. மியூசியத்துக்கு வாராந்திர விடுமுறையும் அதே வெள்ளிக்கிழமை. மூடிய கேட்டைப் பார்த்துப் பையன் முகம் சுருங்குவதற்குள் சித்தப்பா சமாளித்துக்கொள்வார்: "விடுடா. உள்ள என்ன, எல்லாம் பழைய சாமான். வா, உனக்குப் பழைய மெட்ராஸைக் காட்டுறேன்."

அடுத்தது சென்ட்ரல். 1873-ல் திறந்த செங்கல் நிறக் கட்டடத்தையும் மணிக்கூண்டையும் பையன் போட்டோ எடுக்கப் போனால், தோளைப் பிடித்துப் பக்கத்தில் புறநகர் ரயில் கட்டடத்தின் பக்கம் திருப்பிவிடுவார். "இங்கதான்டா மூர் மார்க்கெட் இருந்துச்சு. 85-ல எரிஞ்சுபோச்சு. ஊசியிலேருந்து கிராமபோன் வரைக்கும் கிடைக்கும். பின்னாடிதான் உயிர் காலேஜ். சிங்கம், புலி எல்லாம் பார்க்கலாம். அதே வருஷம் வண்டலூருக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க." பையனும் உற்றுத்தான் பார்ப்பான். சிங்கம் இருந்த திசையில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க நாலு பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

தீவுத்திடல் பக்கம் ஒன்றாவது நிலைத்து நிற்கிறது: 1839-ல் நிறுவிய மன்றோ சிலை. "குதிரையை நல்லாப் பாரு. சேணம் இல்ல, அங்கவடி இல்ல. செஞ்சவன் மறந்துட்டான். திறப்பு விழாவில ஒரு சின்னப் பையன் கேட்டுட்டான். அவ்வளவுதான், அவமானம் தாங்காம தற்கொலை பண்ணிக்கிட்டான்." இது சென்னையில் எல்லாச் சித்தப்பாக்களுக்கும் பொதுச் சொத்தான கதை. சிலையைச் செய்த சான்ட்ரி, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் நான்காம் ஜார்ஜின் குதிரைக்கும் அங்கவடி வைக்கவில்லை. அது அவர் பாணி. பையன் அதை அங்கேயே போனில் தேடிப் படித்துவிடுவான். படித்துவிட்டு, "ஐயோ பாவம் சித்தப்பா" என்பான். வளர்ப்பு அப்படி.

மவுண்ட் ரோட்டில் சித்தப்பாவுக்கு உடம்பில் தெம்பு ஏறிவிடும். எல்.ஐ.சி. கட்டடத்துக்கு எதிரே நிறுத்தி, "எண்ணு, பதினாலு மாடி. 59-ல கட்டுனது. நான் வந்த புதுசுல அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிக்கிச்சு" என்பார். பையன் ரயில் ஜன்னல் வழியாகவே இதைவிட உயரமான அடுக்குமாடிகளைப் பார்த்துவிட்டு வந்தவன். இருந்தாலும் மரியாதைக்கு அண்ணாந்து பார்ப்பான். "75-ல தீப்பிடிச்சுது" என்று சேர்த்துக்கொள்வார். அங்கிருந்து ஸ்பென்சர். "இது இல்லடா, இதுக்கு முன்னாடி செகப்புக் கட்டடம் ஒண்ணு. என்னா அழகு! 83-ல எரிஞ்சுபோச்சு."

"இந்த ஊர்ல எரியாம எதாச்சும் இருந்துச்சா சித்தப்பா?"

"ஏன் இல்ல? சஃபயர் தியேட்டர். அதை இடிச்சுட்டாங்க."

இடித்த இடத்துக்கும் போவார்கள். வளாகத்தில் மூன்று தியேட்டர்கள் இருந்தன. அதில் புளூ டைமண்டில் படம் நிற்காமல் ஓடும். ஒரு டிக்கெட் வாங்கினால் ஏ.சி.யில் இஷ்டப்பட்ட நேரம் உட்காரலாம். மேன்சன் அறையில் மூன்று பேரோடு ஒரு ஃபேனைப் பங்கு போட்டுக்கொண்ட சித்தப்பா, சித்திரை வைகாசியை அங்கேதான் கழித்தார். என்ன படம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நல்ல தூக்கம் என்பது மட்டும் நினைவிருக்கும்.

மத்தியானம் செம்மொழிப் பூங்கா. பூங்கா 2010-ல் வந்தது. சித்தப்பாவைப் பொறுத்தவரை அது டிரைவ் இன் உட்லண்ட்ஸ். "காரை விட்டே இறங்க வேணாம். ஜன்னல்ல தட்டை மாட்டிவிட்டுட்டுப் போவான்" என்று வந்த ஆட்டோவின் கம்பியிலேயே மஞ்சள் பையை மாட்டி, நெஞ்சு உயரத்தில் உள்ளங்கையை விரித்து, அதில் இல்லாத தோசையை விண்டு காட்டுவார். ஆட்டோக்காரர் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சார், துன்னு முட்ச்சிட்டா எறங்குறியா?" என்பார். சித்தப்பாவிடம் கார் இருந்ததே இல்லை என்பதைப் பையனும் கேட்கமாட்டான், நாமும் கேட்க வேண்டாம்.

கடைசியில் மெரினா. கடல் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பதால் அதைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்ப்பார். "அங்கதான் சிவாஜி சிலை இருந்துச்சு. அடையாறுக்குக் கொண்டுபோயிட்டாங்க. கண்ணகியைக்கூட ஒரு தடவை எடுத்துட்டு, அப்புறம் கொண்டுவந்து வெச்சாங்க." கலங்கரை விளக்கத்தைக் காட்டி, "மேல போகலாமா சித்தப்பா? லிஃப்ட் இருக்காம்" என்பான் பையன். சித்தப்பா அசைய மாட்டார். "இது 77-ல வந்தது. அதுக்கு முன்னாடி ஹைகோர்ட் கோபுரத்து மேலதான் லைட்டே எரிஞ்சுது. இதுல ஏறி என்னத்தைப் பார்க்கப்போறே?" ஏறினால் வடபழனிக்கும் அந்தப்பக்கம் வரை அவருக்குப் பெயர் தெரியாத கட்டடங்களாகத் தெரியும். கூட வந்தவன், "அது என்ன சித்தப்பா?" என்று கேட்பான். வாழ்நாள் அனுபவத்தை அப்படிப் பணயம் வைக்க எந்த வழிகாட்டிதான் துணிவார்?

ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு பேரும் கால் வீங்கி மாம்பலம் வந்து சேருவார்கள். "முழு மெட்ராஸும் காட்டியாச்சு" என்று சித்தப்பா சாய்வு நாற்காலியில் விழுவார். சித்தி சாதத்தைப் பரிமாறிக்கொண்டே, "எது, எரிஞ்சுபோனது, இடிச்சுப்போட்டது எல்லாமா? நானும் கல்யாணமாகி வந்ததுலேருந்து உங்க சித்தப்பா சொல்ற மெட்ராஸைத்தான்டா தேடிக்கிட்டு இருக்கேன்" என்பாள்.

மறுநாள் அவளே கூட்டிப்போவாள். 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது என்பதால் சென்னையின் பாதி வழித்தடங்கள் சித்திக்கு அத்துப்படி. கபாலி கோயிலில் கும்பிடு, மாட வீதியில் வெள்ளரிப் பிஞ்சுக்குப் பேரம், சாந்தோம் தேவாலயத்தில் ஒரு மெழுகுவத்தி, கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட், இறங்கியதும் மாங்காய் பட்டாணி சுண்டல் என்று ஐந்தே மணி நேரத்தில் முடித்து, சாயங்கால விளக்கேற்ற வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். ரயில் டிக்கெட்டையும் வழிச் செலவுக்கு மேலே நூறு ரூபாயையும் பையன் கையில் திணிக்கும்போது சித்தப்பா விசாரிப்பார்:

"என்னடா காட்டுனா உங்க சித்தி?"

"கோயில், சர்ச், லைட் ஹவுஸ். எல்லாம் இருந்துச்சு சித்தப்பா. மேலேருந்து ஊர் முழுக்கத் தெரிஞ்சுது."

சித்தப்பா உச்சுக்கொட்டுவார். "ஒரு நாள் வீணா? இருக்கிறதைப் பார்க்க என்னடா அவசரம்? அதெல்லாம் எங்க போயிடப் போகுது?"