காற்பந்து விமானத்தின் அடிவயிறு: ஓர் ஆய்வு

காற்பந்துக் குழுவின் வண்ணம் பூசிய விமானம் யாருக்காகப் பறக்கிறது? அதில் ஏறுகிறவருக்காக அல்ல என்பதே இவ்வாய்வின் துணிபு. 2005இல் ஏர் ஆசியா மான்செஸ்டர் யுனைடெட்டோடு கைகோத்து, அதன் ஆட்டக்காரர்களை விமானத்தின் பக்கவாட்டில் ஏற்றியது. 2011இல் ஏர் ஆசியாவின் டோனி பெர்னாண்டஸ் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் குழுவை வாங்கியதும் அந்தப் பெயரும் ஏறியது. (2013இல் குழு பிரிமியர் லீக்கிலிருந்து இறங்கிவிட்டது. இறங்கிய ஏர் ஆசியா விமானம் மறுபடி ஏற இருபத்தைந்து நிமிடம் போதும். குழுவுக்கு ஓராண்டு பிடித்தது.) டிக்கெட் எடுத்த ரசிகர் இவற்றில் என்ன கண்டார்? முன்னிருக்கையின் முதுகைத்தான். ஏறும்போது பார்த்திருப்பாரே என்பர். 2006 முதல் 2014 வரை சிப்பாங்கின் மலிவுக் கட்டண முனையத்தில் அது உண்மை. அங்கே வெயிலில் நடந்துபோய்ப் படியேற வேண்டும், ஆட்டக்காரரின் முகத்தை முழுசாகப் பார்க்கலாம். அதற்குப் பதிலாகக் கேஎல்ஐஏ 2 முனையம் திறந்தபின் இணைப்புப் பாலம் வந்தது. இப்போது கதவைச் சுற்றி ஒரு முழ வண்ணம் தெரிந்தால் அதிகம்.

படம் எடுத்துப் பரப்பத்தானே இந்த வண்ணம் என்று வாதிடுவோர் உண்டு. அப்படியானால் விமானத்தை நிறுத்திவைத்தே எடுத்துவிடலாமே, பறக்கவிடுவானேன்? பறக்கும் விமானத்தை நாள்தோறும் அண்ணாந்து பார்ப்பவர்கள் அதன் வழிக்கு அடியில் இருக்கும் புஞ்சாக் ஆலாம், ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்காரர்கள். திடலில் பந்து உதைப்பவர்களும் அவர்களே. அவர்களுக்குக் கிடைப்பதோ வெறும் அடிவயிறு. அங்கே எழுத முடியாது என்ற மறுப்பும் நிற்காது: எமிரேட்ஸ் தன் பெயரை அடிவயிற்றில்தான் பெரிதாக எழுதியிருக்கிறது.

ஆகவே படம் அடியில் வர வேண்டும். யார் படம்? கோல் போடுபவர் பொருந்தார். அவர் நிமிர்ந்து ஓடுகிறவர், விமானமோ கிடையாக நீண்டது. கைகளை விரித்துக் கிடையாகப் பாய்கிறவர் கோல்காவலர் ஒருவரே. கிள்ளான் துறைமுகத்துக்காரர், ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அழைத்த மலேசியக் கோல்காவலர் ஆர். ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். அவருடைய இரு கைகளுக்கும் இரு இறக்கைகளும் சரியாக இருக்கும். ஒரே சிக்கல் சக்கரக் கதவுகள். இறங்கும் நேரத்தில் திறந்துகொள்ளும். முகத்தை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவில் வரைந்தால் அதுவும் தீரும்.