மீட்பர் ஆவது எப்படி?

கீழக்குயில்குடி ஆண்களைக் குடியிலிருந்து மீட்கும் ஊழியத்துக்கு ஆண்டவர் உங்களை அழைத்திருக்கிறார். நல்லது. அடுத்து நீங்கள் ஃபிளெக்ஸ் அடிப்பவரை அழையுங்கள். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஊருக்குத் திரும்பும் முக்கில் பத்தடிக்கு எட்டடி வையுங்கள். உங்கள் முகம் பெரிதாக, இயேசுவின் முகம் ஓரமாக, நடுவில் அறுந்த சங்கிலியும் கவிழ்ந்த பாட்டிலும். கீழே 'குடிகாரர்களுக்கான விசேஷ விடுதலைக் கூட்டம், ஆண்கள் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் போடவும். அதைப் படித்த பிறகு ஊரில் ஒருத்தனும் அந்த வாசலை மிதிக்க மாட்டான். மிதித்தால் அவன் குடிகாரன் என்று டீக்கடைக்குத் தெரிந்துவிடும். டீக்கடைக்கு ஏற்கெனவே தெரியும் என்பது வேறு விஷயம். தெரிந்ததை நாமே ஒத்துக்கொள்வதுதான் கௌரவக் குறைச்சல். நீங்கள் கவலைப்பட வேண்டாம். கூட்டம் நடந்ததற்கு ஃபிளெக்ஸ் இருக்கிறது.

நேரத்தை யோசித்து வையுங்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். டாஸ்மாக் ராத்திரி 10 மணி வரை திறந்திருக்கும். கையில் காசும் உடம்பில் அலுப்பும் ஒன்றாகச் சேர்கிற நேரம் அது. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்றால் அப்போதுதான் வேண்டும். ஆகவே உங்கள் கூட்டத்தை ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் வையுங்கள். காசு தீர்ந்து, தலை வலித்து, வீட்டில் வசவு வாங்கி வந்து உட்காருபவனை மனந்திரும்ப வைப்பது மிகவும் சுலபம். "ஐயரே, இனி சத்தியமாத் தொட மாட்டேன்" என்பான். அந்த வாரக் கணக்கில் ஒன்று ஏறிவிட்டது.

சத்தியம் வாங்குவதில் இந்த ஊருக்கு நீங்கள் முதல் ஆள் இல்லை என்பதை மட்டும் மறந்துவிடுங்கள். ஊரை ஒட்டி நிற்பது சமணர் மலை. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். கள்ளை அறவே விலக்கிய கூட்டம். மலையடிவாரத்தில் அய்யனார் கோயில். மதுரைப் பக்கத்தில் கருப்பணசாமிக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பார்கள். அதே சாமி முன்னால்தான் குடியை விடுவதாகக் கயிறும் கட்டிக்கொள்வார்கள். கார்த்திகையில் மாலை போட்டால் ஒரு மண்டலம் சுத்தபத்தம். வேதக்காரர்களுக்குத் தவக்காலம் 40 நாள். நம் ஆள் எதையும் விடுவதில் கெட்டிக்காரன், திரும்பத் தொடும் தேதி முன்கூட்டியே தெரிந்திருந்தால். எனவே நீங்கள் '21 நாள் விடுதலை உபவாசம்' அறிவியுங்கள். 21 நாளும் ஒழுங்காக இருப்பான். 22ஆம் நாளைப் பற்றி உங்கள் நோட்டீஸில் ஒன்றும் இல்லையே.

அடுத்து, வருகைப் பதிவேடு. இதில் கஞ்சத்தனம் கூடாது. பெயர், தகப்பனார் பெயர், தெரு, ஃபோன் நம்பர், ஆதார் நகல், எல்லாம் வாங்குங்கள். கையெழுத்து வராதவர்களிடம் பெருவிரல் ரேகை வாங்குங்கள். ரேகை என்றதும் வயசாளி யாராவது முகம் சுளித்தால் காரணம் கேட்க வேண்டாம். கேட்டால் 1911ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். மதுரைச் சீமையில் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். 1914லேயே கீழக்குயில்குடிக் கள்ளர் சாதியார் மீது அது பாய்ந்தது. குற்றம் செய்தவன் செய்யாதவன் என்று பார்க்காமல் ஆண்பிள்ளைகளின் ரேகையைப் பதிந்தார்கள். ராத்திரியானால் பெண்டு பிள்ளையை விட்டுவிட்டு போலீஸ் கண்ணெதிரே போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி 16 பேரை அரசாங்கம் கொன்றது. சட்டம் தொலைந்தது 1947இல். அது இருந்த காலத்திலும் இந்த மக்களைத் 'திருத்த'த்தான் புறப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் இதே சட்டத்தின் கீழ் வந்த வேறு சாதியாருக்காகக் குடியிருப்புகளை நடத்தும் பொறுப்பை அரசிடமிருந்து ஏற்றுக்கொண்டது இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பு. வேதமும் ரிஜிஸ்டரும் ஒரே மேசையில் இருந்த காலம். உங்கள் நீளமான நோட்டைப் பார்த்ததும் தாத்தா எழுந்து போவது வயசுக் கோளாறு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான முறை ஒன்று உண்டு. உங்களுக்கு அது ஒத்துவராது என்றாலும் எச்சரிக்கையாக இருப்பதற்காகச் சொல்லி வைக்கிறேன். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குச்சந்தையில் நொடித்துப்போன பில் வில்சனும், பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே குடியில் மூழ்கியவர்கள். ஃபிராங்க் புக்மன் என்ற லுத்தரன் போதகர் நடத்திவந்த ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பில்தான் பாவ அறிக்கையையும், கெடுத்ததற்கு ஈடு செய்வதையும் கற்றார்கள். கற்றதை எடுத்துக்கொண்டு அவர்கள் தனியே வந்து நடத்தியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அங்கே முழுப்பெயர் கிடையாது, கட்டணம் கிடையாது, தலைவர் கிடையாது. ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் பேசுவான், அவ்வளவுதான். 1991இல் கலிஃபோர்னியாவின் சேடில்பேக் சபையில் ஜான் பேக்கர் தொடங்கிய செலிபிரேட் ரெக்கவரி முழுக்க முழுக்கக் கிறிஸ்தவ ஊழியம்தான். அதிலும் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது என்று விதி வைத்துவிட்டார்கள். புத்தி சொல்லக் கூடாது என்றால் மதுரையில் ஒரு ஆண்கள் ஐக்கியம் ஐந்து நிமிடம் தாங்குமா?

நீங்கள் நன்றாகப் பேசுங்கள். ஒன்றரை மணி நேரம். நோவா, லோத்து, பெல்ஷாத்சார் என்று வரிசையாக எடுங்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், தண்ணீர் திராட்சரசமான கானாவூர்க் கல்யாணத்தைக் கேட்கும். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் எழுதிக்கொடுத்த மருந்தையும் கேட்கும். வேதாகமத்தில் அந்த இரண்டு இடத்தை மட்டும் குடிகாரன் உங்களைவிட நன்றாகப் படித்திருப்பான். இராப்போஜனத்தில் திராட்சரசத்தை ஒரு மிடறு கொடுப்பீர்களே, அது புளித்ததா புளிக்காததா என்றும் கேட்பான். கேள்வி நியாயமானது. 1869இல் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் திராட்சைச் சாற்றைக் கொதிக்கவைத்துப் புளிக்காமல் நிறுத்தியதே இந்தச் சங்கடத்துக்காகத்தான். நீங்கள் "விசுவாசத்தில் கேள்வி கேட்கக் கூடாது" என்று சொல்லி முடித்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கேலியை நிறுத்திக்கொள்கிறேன். பல வருஷம் தினமும் குடித்தவனை இன்றோடு நிறுத்து என்று சொல்லி ஜெப அறையில் உட்கார வைக்காதீர்கள். முதல் இரண்டு நாளில் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்காம் நாளுக்குள் பிதற்றல் வரலாம். இல்லாத பூச்சி உடம்பில் ஊரும், செத்துப்போன அப்பா சன்னலில் நிற்பார். சிலர் இதில் இறந்தே போகிறார்கள். அதைப் பிசாசின் அலறல் என்று நினைத்து நாலு பேர் பிடித்து அமுக்கி எண்ணெய் பூசினால் சாவு உங்கள் கையில். ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற இலவச எண் இருக்கிறது. ஜெபத்தை ஆட்டோவில் போகும்போதும் செய்யலாம். அதேபோல் ஒரு தங்கச்சி வந்து, "அண்ணே, அவருக்குத் தெரியாம கொழம்புல கலந்துவிடுற மாத்திரை இருக்காமே" என்று கேட்பார். அந்த மாத்திரை டைசல்ஃபிராம், 1948இல் டென்மார்க்கிலிருந்து வந்த மருந்து. அதைத் தின்றது தெரியாமல் ஒருவன் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து சரிவான். டாக்டர் சொல்லி, அவனும் சம்மதித்துச் சாப்பிட வேண்டியது அது.

இனி பழையபடி ஊழியத்துக்கு வருவோம். மூன்று வாரம் குடிக்காமல் இருப்பவன் ஒருவன் கிடைத்ததும் தாமதிக்காமல் மேடையேற்றிச் சாட்சி சொல்ல வையுங்கள். சுருக்கமாகச் சொன்னால் விடாதீர்கள். பெண்டாட்டியை அடித்ததை, தாலியை அடகு வைத்ததை, பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்தை எடுத்ததை, எல்லாவற்றையும் மைக்கில் வரவழையுங்கள். பெண்கள் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனைவி தன் கதையை ஊரோடு சேர்ந்து கேட்கட்டும். அவரிடம் முன்கூட்டி அனுமதி கேட்கும் வழக்கம் இல்லை. கைதட்டல் பலமாக இருக்கும். அவன் அடுத்த ஃபிளெக்ஸில் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் வருவான்.

ஆறாவது வாரம் விழுவான். விழுவது இந்த நோயின் சுபாவம். சும்மா விழுந்தவன் மறுநாள் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம். ஃபிளெக்ஸில் இருப்பவன் எந்த முகத்தோடு வருவான்? நீங்களும் தேடிப் போக வேண்டாம். 'பின்மாற்றக்காரனுக்காக ஜெபிப்போம்' என்று பெயர் சொல்லி அறிவித்தால் மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

வருஷ முடிவில் அறிக்கை எழுத வேண்டும். கை தூக்கியவர்களை எண்ணுங்கள். ஒரே ஆள் மூன்று கூட்டத்தில் கை தூக்கியிருந்தால் மூன்று ஆத்துமா. ஊரில் யாரோ இரண்டு மூன்று பேர் சாயங்காலமானால் பாலத்துத் திண்டில் உட்கார்ந்து, டீ வாங்கிக் குடித்து, டாஸ்மாக் அடைக்கும் வரை ஊர்க்கதை பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறார்களாம், மாதக்கணக்கில் தொடவில்லையாம் என்று உங்கள் காதுக்கு வரும். பொருட்படுத்தாதீர்கள். அவர்கள் நோட்டில் பெயர் எழுதவில்லை, காணிக்கை போடவில்லை, உங்கள் பிரசங்கத்தை ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. 'கீழக்குயில்குடி மக்கள் இருதயம் கடினப்பட்டவர்கள்' என்று ஒரு வரியோடு அறிக்கையை முடித்து, மேலக்குயில்குடியில் கிளை தொடங்க நன்கொடை கேளுங்கள். ஃபிளெக்ஸில் 'கீழ' என்பதை மட்டும் மாற்றினால் போதும்.