சுட்டிக்குப் பொருத்தம் பார்ப்பவர்

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று தன் வீட்டுக் கணினிக்குச் சுட்டி, அதாவது பேச்சு வழக்கில் மவுஸ், வாங்கத் தீர்மானிக்கும்போது, பணம் கொடுக்கப்போகிறவருக்கும் அதைப் பிடித்து வேலை செய்யப்போகிறவருக்கும் அப்பால் மூன்றாம் ஆள் ஒருவர் அந்தக் கொள்முதலில் வந்து சேர்வது ஏறக்குறையத் தவிர்க்க முடியாத வழக்கமாகும். அவர் காசு போடுவதில்லை. அந்தச் சுட்டியைத் தொட்டு வேலை செய்யப்போவதுமில்லை. ஆயினும் அவர் தலையசைக்காமல் முப்பது வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள பொருள் கடையை விட்டு வெளியேறாது. பெண் பார்க்கும் வீட்டில் இரு தரப்புக்கும் நெருங்கிய உறவில்லாத ஒருவர் நடுநாற்காலியில் அமர்ந்து எல்லாக் கேள்விகளையும் தாமே கேட்பதை ஒத்த நிலை இவருடையது என்பதால், இவரைப் பொருத்தம் பார்ப்பவர் என்று அழைப்பது தகும். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் ஆறங்குல எஃகு அளவுகோலும், நான்காக மடித்த வெள்ளைத்தாளும், சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருக்கும். குடும்பத் தலைவர் இவரை 'அண்ணே' என்பார், பிள்ளைகள் 'அங்கிள்' என்பார்கள், கடைக்காரர் எதிரில் இருக்கும்வரை 'பாஸ்' என்பார். திரும்பிய பிறகு என்ன சொல்கிறார் என்பதற்குச் சான்றுகள் கிடைக்கவில்லை.

இத்தகைய மனிதர் தோன்றுவதற்குப் பினாங்கின் அண்மைக்கால வரலாறே இடம் கொடுத்தது. 1969இல் சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்து வேலையில்லாத் திண்டாட்டத்தில் சிக்கிய தீவில், முதலமைச்சர் லிம் சோங் யூவின் மாநில அரசு 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக மண்டலத்தைத் திறந்தது. இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட் முதலிய நிறுவனங்கள் அங்கே கால்கொண்டன. அவற்றின் உற்பத்தி வரிசைகளில் ஒரு தலைமுறையே தரக்கட்டுப்பாடு என்னும் கலையைக் கற்றது. எந்தப் பொருளும் நல்ல பொருள் அன்று, இன்னும் பழுதாகாத பொருள் மட்டுமே என்பதுதான் அக்கலையின் அடிப்படைக் கோட்பாடு. இதே காலத்தில், எஸ். எம். முகமது இத்ரிஸ் நெடுங்காலம் தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், தன் இதழைத் தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளில் வெளியிட்டு, பொருளின் விவரச்சீட்டைப் படி, காலாவதித் தேதியைப் பார், ரசீதைக் கேட்டு வாங்கு என்று வீடுவீடாகப் பாடம் நடத்தியது. முன்னது இவருக்குப் பொருளின் மீது ஐயத்தை ஊட்டியது. பின்னது விற்பவர் மீது ஐயத்தை ஊட்டியது. இரண்டும் ஒருங்கே குடிகொண்ட ஒருவர் கடைக்குள் நுழைவதைக் கண்டதும், அனுபவமுள்ள கடைக்காரர் தம் மதிய உணவைத் தள்ளிவைத்துவிடுகிறார்.

சுட்டியின் விஷயத்தில் இவருக்குத் தனி உரிமையுணர்வும் உண்டு. அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் கருத்துப்படி பில் இங்கிலீஷ் 1964இல் செய்துகொடுத்த முதல் சுட்டி, அடியில் இரண்டு சக்கரங்கள் கொண்ட மரப்பெட்டியாக இருந்தது. பின்னர்ச் சக்கரங்களின் இடத்தை உருளும் பந்து பிடித்தது. அந்தப் பந்து மேசையின் அழுக்கையெல்லாம் உள்ளே இழுத்துச் சேர்க்க, வாரம் ஒருமுறை அதைக் கழற்றி உருளைகளை நகத்தால் சுரண்டுவது கணினி வைத்திருந்த வீடுகளின் சடங்காயிற்று. 1999இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஒளியியல் சுட்டி, அதாவது பந்துக்குப் பதிலாக ஒளியால் நகர்வை அறியும் சுட்டி, இச்சடங்குக்கு முடிவுகட்டியது. அதன் அடியில் இருந்த உணரி என்பது மிகச் சிறிய ஒளிப்படக் கருவியாகும்; செவ்வொளியில் மேசைப்பரப்பை நொடிக்கு 1500 முறை படமெடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து கை எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டது. அந்த உணரியை ஆக்கிய ஹியூலெட் பேக்கார்டின் தொழிற்பிரிவு, அஜிலென்ட், அவாகோ என்று கைமாறி, பின்னர்த் தைவானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்திடம் சேர்ந்தது. இந்தப் பரம்பரையில் வடிவமைப்பு வேலையின் ஒரு பகுதி பினாங்கிலேயே நடந்துவருகிறது. ஆகவே பொருத்தம் பார்ப்பவர் எந்தச் சுட்டியைக் கண்டாலும் முதலில் அதைக் கவிழ்த்து, வயிற்றுப்புறத்துத் துளையை உருப்பெருக்கியால் நோக்கி, "கண்ணு நம்ம பாயான் லெப்பாஸ் கண்ணு மாதிரிதான் தெரியுது" என்று அறிவிக்கிறார். அவர் முப்பது ஆண்டுகள் பணியாற்றியது வேறொரு தொழிற்சாலையின் பண்டகசாலையில் என்பது இந்தப் பெருமிதத்தைச் சிறிதும் குறைப்பதில்லை.

ஆய்வுக்களம் பெரும்பாலும் கொம்தார் கோபுரமும் அதையொட்டிய பிராங்கின் மாலுமாகும். அங்கே முதலாவதாக நடப்பது பெட்டியை வாசித்தல். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் டிபிஐ என்னும் எண், சுட்டியை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரைக்குறி எத்தனை புள்ளிகள் நகரும் என்பதைக் குறிப்பதாகும். கடைக்காரர் 16000 என்று அச்சிட்ட பெட்டியை முன்னே நகர்த்தினால், இவர் வெள்ளைத்தாளை விரித்துக் கணக்குப் போடத் தொடங்குகிறார். வீட்டுத் திரையின் அகலம் 1920 புள்ளிகள். 1000 டிபிஐ கொண்ட சுட்டியை இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நகர்த்தினாலே திரையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடலாம். 16000 என்றால் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கே போதும். அதாவது, தும்மினால் திரைக்குறி காணாமற்போகும். "மின்கட்டணம் கட்டுறவங்களுக்கு எதுக்கு தம்பி இது?" என்று இவர் கேட்க, சீனக் கடைக்காரர் மலாயில் "சமா சஜா லா, பாஸ்", அதாவது எல்லாம் ஒன்றுதான், என்கிறார். தரக்கட்டுப்பாட்டில் வளர்ந்த ஒருவரிடம் சொல்லத்தகாத சொற்றொடர் உண்டெனில் அது இதுவே. இவ்வளவில் முடிந்திருக்கக்கூடிய ஆய்வு மேலும் ஒரு மணி நேரம் நீள்கிறது.

இரண்டாவதாகச் செவிப்புலன் வேலைக்கு வருகிறது. சுட்டியின் பொத்தானுக்கு அடியில் மைக்ரோ சுவிட்ச் என்னும் சிறு பெட்டி இருக்கிறது. அதனுள் ஒரு மெல்லிய உலோகத்தகடு அழுத்தும்போது வளைந்து தொட்டு, விட்டதும் மீள்கிறது. இத்தகடு தளர்ந்தாலோ அதன் தொடுமுனையில் மாசு படிந்தாலோ, ஒருமுறை அழுத்தியதை இருமுறை அழுத்தியதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். பாட்டி பேரனின் படத்தைத் தேர்வதற்காக ஒருமுறை அழுத்தினாலே அது திறந்துவிடுவதற்கு இதுவே காரணம். பொருத்தம் பார்ப்பவர் காட்சிக்கு வைத்த சுட்டியைக் காதருகே கொண்டுபோய், கண்களை மூடி, இடப்பொத்தானை மெதுவாகவும் விரைவாகவும் அழுத்திக் கேட்கிறார். இடத்தின் ஒலிக்கும் வலத்தின் ஒலிக்கும் வேறுபாடு இருந்தால் புருவம் உயர்கிறது. பெட்டியில் ஒரு கோடி அழுத்தங்கள் தாங்கும் என்று எழுதியிருந்தால் அதையும் வகுத்துப் பார்க்கிறார்: வீட்டில் நாளொன்றுக்கு 2000 முறை அழுத்துவதாகக் கொண்டாலும் 5000 நாள், ஏறத்தாழப் பதின்மூன்றே முக்கால் ஆண்டு. "அவன் ஆய்வுக்கூடத்துல அழுத்தினது வேற, நம்ம வீட்டுல சின்னவன் அழுத்துறது வேற" என்று இவர் அந்தக் கணக்கில் பாதியைக் கழித்துவிடுவது, சின்னவனை நேரில் கண்டவர்களுக்கு நியாயமாகவே படும்.

மூன்றாவது, கையின் அளவு. இதில்தான் இவருடைய அறிவு உண்மையிலேயே பயன் தருகிறது. இதில்தான் இவருடைய நடைமுறை முற்றிலும் சறுக்குகிறது. மணிக்கட்டின் மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து, அந்த நீளத்துக்கு ஏற்பச் சுட்டியின் உடலைத் தேர்வது சரியான முறை. உள்ளங்கை முழுவதையும் அதன் முதுகில் சாய்த்துப் பிடிப்பவருக்கு நீண்டு உயர்ந்த சுட்டி தேவை. விரல்களை வளைத்தோ நுனிகளால் மட்டுமோ பிடிப்பவருக்குச் சிறியது போதும். பெரிய கைக்குச் சிறிய சுட்டி கொடுத்தால் விரல்கள் நாள்முழுதும் சுருங்கியே இருந்து மாலையில் கடுக்கும். இவையனைத்தையும் பிழையின்றி விளக்கிய பின், இவர் தம் எஃகு அளவுகோலைப் பணம் கொடுக்கப்போகிற குடும்பத் தலைவரின் கையில் வைத்து அளக்கிறார். சுட்டியைப் பிடிக்கப்போகிற மகள் தனிவகுப்பில் இருக்கிறாள். அவள் இடக்கைப் பழக்கமுடையவள் என்ற செய்தி, வலக்கைக்கெனச் செதுக்கிய வளைவுகள் கொண்ட சுட்டி ஒன்று ஏறக்குறைய முடிவான நேரத்தில் தொலைபேசி வழியாக வந்து சேர்கிறது. அதுவரை நடந்த ஆய்வு முழுவதும் தள்ளுபடியாகி, இரு கைக்கும் பொதுவான வடிவுடைய சுட்டிகளின் அடுக்குக்கு அனைவரும் இடம்பெயர்கிறார்கள். அங்குள்ளவை எல்லாம் ஒட்டித் தைத்தாற்போன்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் கூடுகளில் அடைபட்டுக் கிடப்பவை. வாங்காமல் திறக்க முடியாது, திறக்காமல் வாங்க இவர் விடமாட்டார். இந்த இக்கட்டைக் கடைக்காரரே கத்தரிக்கோலால் தீர்த்துவைக்கிறார். அது பெருந்தன்மையா களைப்பா என்பது ஆய்வுக்குரியது.

கம்பியா, கம்பியில்லாததா என்னும் வினாவில் இவருடைய நிலைப்பாடு பினாங்கின் வானிலையையும் மின்னியலையும் ஒருங்கே தழுவியது. கம்பியில்லாத சுட்டி வானலை வழியே பேசுவதால் மலேசியாவில் அதற்குச் சான்று முத்திரை வேண்டும். இவர் அதை உருப்பெருக்கியால் தேடுகிறார். கட்டைவிரல் பருமனுள்ள மின்கலம் ஒன்று இருபது கிராமுக்கு மேல் எடை கூட்டும். சுட்டியின் சைகையைப் பெறும் சிறிய வாங்கியை யுஎஸ்பி 3 துளைக்கு அருகில் செருகினால், அத்துளை எழுப்பும் மின்னிரைச்சல் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிட, திரைக்குறி தட்டுத்தடுமாறும். மென்ரப்பர் பூசிய சுட்டிகளை இவர் தொடவும் மறுக்கிறார்; வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அப்பூச்சு நாளடைவில் நீரால் சிதைந்து பிசுபிசுக்கும் என்பது வேதியியல் ஒப்பும் உண்மை. "இது பினாங்கு தம்பி, இந்த ஊரு வேர்வைக்கு ரப்பர் தாங்காது" என்று அதை இவர் ஒரே வரியில் முடித்துவைக்கிறார்.

கடையோடு இவருடைய பணி நிறைவடைவதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், கணினி இருப்பது கண்ணாடி மேசையின் மேல். கண்ணாடியில் உணரி படம்பிடிக்கத்தக்க சொரசொரப்பு ஏதுமில்லாததால் புதுச் சுட்டியை நகர்த்தினாலும் திரைக்குறி அசையாமல் நிற்கிறது. குடும்பமே இவரை ஏறிட்டு நோக்குகிறது. இவர் பதற்றமின்றிச் சுவரிலிருந்து சென்ற ஆண்டு மளிகைக்கடை நாட்காட்டியின் அட்டையைக் கழற்றிச் சுட்டியின் கீழே வைக்கிறார். அதிலுள்ள இலட்சுமியின் படத்தின் மேல் சுட்டியை உருட்டலாகாது என்று அம்மா தடுக்கவே, அட்டை திருப்பிப்போடப்படுகிறது, சுட்டி ஓடுகிறது. அடுத்து நாற்காலியை உயர்த்தி, முழங்கை மேசைமட்டத்துக்கு வரும்படி செய்து, விசைப்பலகையை இடப்புறம் நகர்த்தி, அதன் வலக்கோடியிலுள்ள எண்விசைகளைத் தாண்டிக் கை நீளவேண்டாதபடி ஒழுங்குசெய்கிறார். தோள்வலிக்குச் சுட்டியைக் குறைகூறுவோர் பலருக்கும் வலியின் காரணம் இந்த நீட்டமே என்பதை இவர் சரியாகவே அறிவார். மகள் வந்ததும் எல்லாவற்றையும் வலப்பக்கமிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றிவைக்கிறாள்.

இத்தனைக்கும் பின் வாங்கப்பட்டது எது என்று நோக்கினால், கம்பியுள்ள, இரு கைக்கும் பொதுவான, பூச்சற்ற கறுப்புப் பிளாஸ்டிக் சுட்டி ஒன்றேயாகும். விலை முப்பது வெள்ளிக்குள். சென்ற மாதம் ஜெலுத்தோங்கில் வேறொரு குடும்பத்துக்கு இவர் தேர்ந்தது அதுவே. அதற்கு முன் ஆயர் ஈத்தாமில் தேர்ந்ததும் அதுவே. கடைக்காரர் இதை நன்கு அறிந்திருந்தும் முதலிலேயே அதை எடுத்து நீட்டுவதில்லை. நீட்டினால் அதில் ஏதோ இருக்கிறது என்று இவர் ஐயுறுவார். வீட்டு வேலைக்கு அந்தத் தேர்வு குறைசொல்ல முடியாதது என்பதையும் இங்கே பதிவுசெய்யவேண்டும்: மின்கலம் தீராது, வாங்கி தொலையாது, பூச்சு உருகாது, பழுதானால் வருத்தமும் முப்பது வெள்ளிக்கு மேல் போகாது.

முடிவு முன்பே தெரிந்ததாயின் குடும்பங்கள் இவரை ஏன் அழைக்கின்றன என்னும் வினா எஞ்சுகிறது. விடை, சுட்டி பழுதாகும் நாளில் கிடைக்கிறது. நன்றாக ஓடும்வரை அது 'நாங்க கொம்தார்ல பாத்து எடுத்த மவுஸ்'. ஒருமுறை அழுத்தியதை இருமுறையாக எடுத்துக்கொண்ட அன்றிரவே அது 'அங்கிள் வாங்கிக் கொடுத்த மவுஸ்' ஆகிவிடுகிறது. கடைக்காரர் தரும் உத்தரவாதத்துக்கு ரசீது வேண்டும், பெட்டி வேண்டும், முத்திரை கிழியாதிருக்க வேண்டும், ஓராண்டு கடவாதிருக்கவும் வேண்டும்; இவர் மீது குறைசொல்வதற்கோ ஒரு தொலைபேசி எண் போதும். சிக்கனத்துக்குப் பேர்போன வீடுகள்கூட, ஆய்வு முடிந்ததும் இவருக்கு ஒரு தட்டு நாசி கண்டாரும் ஒரு கோப்பை தே தாரேக்கும் மனமுவந்து வாங்கித்தருவது, அந்த உத்தரவாதத்தின் விலை அவ்வளவுதான் என்று அவற்றுக்குத் தெரிந்திருப்பதால்தான்.