கொலுவுக்கு ஆகும்

முகச்சவரம் செய்துகொள்ள ஒரு கண்ணாடியைக் கிரகஸ்தன் ஒருவன் தன் சொந்த உபயோகத்துக்கென்று வைத்துக்கொள்வது அப்படியொன்றும் மிதமிஞ்சிய ஆசை அல்லவென்றே இத்தனை காலமும் நான் நம்பியிருந்தேன். அந்தக் கண்ணாடி இப்போது எங்கள் கூடத்தில், கொலுவின் அடிவாரத்தில், மல்லாந்து கிடக்கிறது. அதன்மேல் பிளாஸ்டிக் வாத்துகள் இரண்டும், அந்த வாத்துகளைவிடச் சிறிய படகு ஒன்றும் மிதக்கின்றன. சுற்றிலும் கேழ்வரகு முளைத்துப் பச்சைப்பசேலென்று கரை கட்டியிருக்கிறது. ‘தெப்பக்குளம்’ என்று ஒரு அட்டையில் எழுதி நட்டும் விட்டார்களாதலால், இனி அதை எடுக்க முனைவது பொதுச்சொத்தில் கைவைத்த குற்றமாகிவிடும். விஜயதசமி கழிந்து குளம் வற்றும் வரையில் நான் தாடியோடுதான் நடமாடவேண்டும் என்பது வீட்டாரின் ஏகமனதான தீர்மானம். “சாமியார் களை வந்திருக்கு, இருக்கட்டுமே” என்று மைனி ஆறுதல் வேறு சொன்னார்கள். அந்த ஆறுதல்தான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

கொலுவுக்கு நான் விரோதி அல்லன். இதை முதலிலேயே பிரகடனம் செய்துவிடுவது க்ஷேமம். ஏனெனில் இந்தக் கட்டுரை அச்சாகி வந்தால் முதலில் படிக்கப்போகிறவர்கள் என் வீட்டாரே. உண்மையில், பருவத்துக்குப் பருவம் வீடுதோறும் நடந்தேறும் இந்த அலங்கார உற்சவங்களையெல்லாம், எவர் மனமும் நோகாமல், செலவும் பாதியாகக் குறையும்படி ஒரு கட்டுக்குள் கொண்டுவர நான் ஓர் அருமையான யோசனையை வகுத்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆயினும் எங்கள் ஊரின் விசேஷ ஸ்திதியை விளக்காமல் அந்த யோசனையின் அருமையை விளக்க இயலாது.

பாறசாலைக்குத் தெற்கே, இஞ்சிவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு, தாண்டாவிட்டால் கேரளம் என்னும்படியான இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா இக்கரையிலேயே நின்றுவிட்டது. அதன் அரசியலை அறிந்தவர்கள் எழுதட்டும். அதனால் விளைந்த குடும்ப உபத்திரவம் யாதெனில், எங்களுக்கு இரண்டு ராஜ்யத்துப் பண்டிகைகளும் பாத்தியமாயின. சிங்க மாசத்தில் அத்தம் பிறந்து திருவோணம் வரை பத்து நாள் வாசலில் பூக்களம்; அதைப் பெருக்கித் தள்ளி மூச்சு விடுவதற்குள் கன்னி மாசத்தில் கொலு; துலா மாசத்து மழையில் தீபாவளி; தனுவில் அடுத்த வீட்டார் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகையில், எங்கள் கொலுவின் ஆடுகளும் ஒட்டகமும் மாட்டிடையனும் அங்கே இரவலாகப் போய்வருவார்கள். சென்ற வருஷம் ஒட்டகம் திரும்பி வரவில்லை. அதைப்பற்றிக் கேட்பது அழகல்லவென்று சொல்லிவிட்டார்கள்.

அத்தப்பூவைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேலியோரத்துத் தும்பையையும் செத்தியையும் குழந்தைகள் பறித்து வந்து போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது மாவேலிச் சக்கரவர்த்திக்குரிய பூ ஓசூர்ப் பக்கத்தில் விளைந்து, லாரியேறித் தோவாளைச் சந்தைக்கு வந்து, அங்கே விடிய விடிய நிறுக்கப்பட்டு, நாகர்கோவிலும் மார்த்தாண்டமும் குழித்துறையும் கடந்து எங்கள் வாசலுக்கு வருகிறது. தோவாளைக்கும் எங்களுக்கும் இடையில் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அந்த ஐம்பது கிலோமீட்டரில் கிரேந்திப்பூவுக்கும் வாடாமல்லிக்கும் ஏறுகிற விலை, அவை பொன்மேனி பெற்றுவிட்டனவோ என்று சந்தேகிக்கத் தக்கது. கிளப்புப் பையன்கள் “சாரே, பூவிடலுக்குப் பிரிவு” என்று ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்பார்கள், கொடுத்துத்தான் ஆகவேண்டும். பணம் போதாத இடத்துக்குக் கல்லுப்பில் சாயமேற்றிப் பரப்புவார்கள். திருவோணம் கழிந்ததும் அந்தப் பச்சை உப்பு ஒரு வாளி நிறைய எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எதற்கு என்றேன். புல்வெளியாகப் பரப்பலாம், கொலுவுக்கு ஆகும் என்றார்கள்.

கொலுவுக்கு ஆகும்! இந்த இரண்டு சொற்களால் எங்கள் இல்லத்தில் குப்பை என்ற பதார்த்தமே அற்றுப்போய்விட்டது. மருந்து தீர்ந்த குப்பியைக் கையில் எடுத்தால், அடுக்களையிலிருந்து “அதைக் களயாதீங்க, கொலுவுக்கு ஆவும்” என்று அசரீரி கேட்கும். என் மனையாளுக்கு ஒரு கண்ணில் புரை. மற்றக் கண்ணிலும் ஆரம்பமாகியிருக்கிறதென்று வைத்தியர் சொல்கிறார். ஆனால் நான் எறியப்போகும் பொருள் எந்த அறையில் எந்தக் கையில் இருந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். பற்பசைக்குழாயின் மூடி கோயில் கலசமாகும், ஐஸ்குச்சி வேலியாகும், முட்டையோடு முனிவரின் வழுக்கைத்தலையாகும், மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் நீர்வீழ்ச்சியாகும், உடைந்த வளையல் ரயில்பாதையாகும், ஐந்தாறு தீப்பெட்டிகள் ரயிலாகும், சிரட்டை குன்றாகும், சிரட்டைமேல் சிரட்டை வைத்தால் பழனிமலையாகும், தேங்காய்நார் அதன்மேல் வனாந்தரமாகும், வனாந்தரத்தில் மேய, பாக்கெட் பாலின் உறையைக் கத்தரித்துப் பசுக்கள் செய்யப்படும். பாலிலிருந்து பசு உண்டாகும் இந்த விபரீத சிருஷ்டியைப் பிரமதேவன் கேள்விப்பட்டால் ராஜினாமாக் கொடுத்துவிடுவான். கல்யாணப் பத்திரிகைகளோ எங்கள் வீட்டில் முகூர்த்தத்தைப் பார்ப்பதற்காக வாங்கப்படுவதில்லை. ஜரிகையும் பிள்ளையாரும் தடித்த காகிதமும் எவ்வளவு என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே அந்தக் கல்யாணத்துக்குப் போவதா என்பது நிச்சயிக்கப்படும். செருப்பு வாங்கப் போனால் நான் செருப்பின் அளவைப் பார்ப்பேன், அவர்கள் பெட்டியின் அளவைப் பார்ப்பார்கள்; சென்ற தையில் வாங்கிய ஜோடி என் காலைக் கடிப்பதற்குக் காரணம், அதன் பெட்டி ஒன்பதாம் படிக்குச் சரியாக முட்டுக்கொடுத்ததுதான். பரணில் அவ்வாறு முட்டுக்கொடுக்கக் காத்திருக்கும் பெட்டிகள், அவற்றுக்குள் அவற்றைவிடச் சிறிய பெட்டிகள், அவற்றுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் பாச்சை உருண்டை. பாச்சை உருண்டையின் உறையும் எறியப்படுவதில்லை.

எங்கள் குலத்தில் கொலு வைக்கும் சம்பிரதாயமே இல்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடவேண்டும். அது மருமகள் வழியாக வந்தது. மயிலாப்பூர் வடக்கு மாடவீதிக் கடைகளில் வாங்கிய பொம்மைகளோடு, எழும்பூரில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறி வந்த அந்தப் பெண், அறிவும் அடக்கமும் உள்ளவள். பொம்மைகளுக்கு அடக்கம் இல்லை, வருஷந்தோறும் பெருகுகின்றன. மரப்பாச்சித் தம்பதிகளும், தசாவதாரமும், அரிசி பருப்போடு கடைவிரித்த செட்டியாரும் அவரது மனைவியும் தங்கள் இடத்தில் இருக்கட்டும். தசாவதாரத்துக்குக் கீழ்ப்படியில் பதினோரு பேர் கொண்ட கிரிக்கெட் குழு எதற்கு? காந்தி மகானைவிட இருமடங்கு பெரிய கிளி எதற்கு? நேற்று வந்த விருந்தினர் ஒருவர், குளக்கரையில் வைத்திருந்த பஸ்ஸின் நெற்றியில் ‘பாறசாலை–நெய்யாற்றின்கரை’ என்று எழுதியிருப்பதைக் கண்டு மெய்சிலிர்த்தார். நிஜமான பஸ் அதே பாதையில் உதியன்குளங்கரையில் நிற்காமல் போவதைப்பற்றி எவரும் சிலிர்ப்பதில்லை. படிகளின்மேல் விரித்திருப்பது, என் சஷ்டியப்தபூர்த்திக்குப் பாலராமபுரத்தில் சொல்லி நெய்த கசவு வேஷ்டி. அதைக் கட்டிக்கொண்டு நான் ஒரு விசேஷத்துக்கும் போனதில்லை. அதற்குள் அது படியேறிவிட்டது.

இவ்வளவும் போதாதென்று பேத்தியின் பள்ளிக்கூடம் தன் பங்கைச் செலுத்தியது. எந்தப் பள்ளிக்கூடம் என்பது வேண்டாம். இலையுதிர்காலத்தைக் கொண்டாடும் பொருட்டு, உதிர்ந்த செவ்விலைகளாலும் பொன்னிலைகளாலும் ஒரு வளையம் கட்டி வாசற்கதவில் மாட்டிப் படமெடுத்து அனுப்பவேண்டும் என்று கைப்பேசியில் உத்தரவு வந்தது. எங்கள் பிரதேசத்தில் ஐப்பசி நெருங்க நெருங்க இடியும் மழையும் வரும். இலை உதிராது, முளைக்கும். ஒட்டுமொத்தமாக இலை உதிர்ப்பது ரப்பர் ஒன்றுதான். அதுவும் மார்கழிக்குப் பிறகு, தை மாசி வாக்கில், தன் சௌகரியப்படி. அமெரிக்காவிலிருக்கும் மைத்துனன் மகன் அங்கே வாசலில் பூசணிக்காயைக் குடைந்து கண்ணும் மூக்கும் வைத்து உள்ளே விளக்கேற்றிய படங்களை அனுப்புகிறான். அயர்லாந்துக்காரர்கள் பழைய நாளில் டர்னிப் கிழங்கில் செய்துவந்ததைத்தான் அங்கே குடியேறிப் பூசணிக்கு மாற்றினார்கள் என்று படித்திருக்கிறேன்; பூசணியில் முகம் எழுதி வீட்டின்முன் வைப்பதற்கு நாம் கடல் கடக்கவேண்டியதில்லை, புதுவீடு கட்டும் கொத்தனாரைக் கேட்டால் போதும். அது கிடக்கட்டும். சிவந்த இலைக்கு எங்கே போவது? ஆற்றங்கரையில் நாட்டுப்பாதாம் மரம் ஒன்று உண்டு, அதில் நாலைந்து இலை சிவந்திருந்தது. மிச்சத்துக்குக் கொல்லையில் உதிர்ந்த பழுத்த பிலாவிலைகளைப் பொறுக்கிவந்தோம்.

பொறுக்கியவற்றில் ஒன்றை எடுத்து, காம்பை மேலாக மடக்கி, இரண்டு ஓரத்தையும் கூட்டி ஒரு ஈர்க்கில் துண்டால் குத்தினேன். கும்பிள் ஆயிற்று. எங்கள் தலைமுறை கற்ற கைவேலை இது ஒன்றுதான். பயறும் கஞ்சியும் இதால் அள்ளிக் குடித்துத்தான் இந்தத் தாலுகா வளர்ந்தது.

“இது எதுக்கு பாட்டா?”

“கஞ்சி குடிக்க, மக்களே.”

“ஸ்பூன் இருக்கே?”

பதில் சொல்வதற்குள் மருமகள் வந்து அதை மிருதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “அழகா இருக்கு மாமா. இன்னும் நாலு பண்ணித் தாங்களேன், கொலுவில் கஞ்சித்தொட்டி வைக்கலாம்.” நாலும் பண்ணினேன். வேறென்ன செய்ய?

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. பத்மநாபபுரத்திலிருந்து வருஷாவருஷம் நவராத்திரிக்கு விக்கிரகங்கள் திருவனந்தபுரம் போகின்றன: கம்பர் பூஜித்ததாக ஐதிகமுள்ள சரஸ்வதி யானைமேல், வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்குகளில். முதலிரவு குழித்துறையில் தங்கி, களியக்காவிளையில் போலீஸ் மரியாதை ஏற்று எல்லை கடந்து, மறு இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோயிலில் தங்கி, அதற்கடுத்த நாள் கோட்டைக்குள் பிரவேசிக்கும். எங்கள் வாசலில் விளக்கேற்றி, பூவும் பொரியும் பழமும் தட்டில் வைத்து நிற்போம். என் தகப்பனார் நின்ற இடத்தில்தான் நானும் நிற்கிறேன். தலைநகரம் பத்மநாபபுரத்தை விட்டுத் திருவனந்தபுரத்துக்குப் போனது 1795-இல். அரசு போயிற்று, ஆட்சி மாறிற்று, ராஜ்யமே இரண்டாயிற்று. அவ்வளவு பெரிய சமஸ்தானத்தின் நவராத்திரி மூன்றே விக்கிரகங்களோடு நிறைவாக நடந்துவருகிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி ஒருத்தி உள்ள வீட்டுக்கு ஒன்பது படி வேண்டியிருக்கிறது.

ஜப்பானிலும் படி கட்டிப் பொம்மை வைக்கிறார்கள். மார்ச் 3-ஆம் தேதி அவர்களுக்குப் பெண்குழந்தைகளின் திருநாள். சிவப்புத் துணி விரித்து, மேற்படியில் சக்கரவர்த்தியும் சக்கரவர்த்தினியும், கீழே பரிவாரம். ஆனால் அவர்கள் தீர்க்கதரிசிகள். திருநாள் கழிந்ததும் உடனே பொம்மைகளை எடுத்து வைக்காவிட்டால் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தாமதப்படும் என்று ஒரு நம்பிக்கையை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அப்படியொரு நம்பிக்கையை இங்கே பரப்ப நான் முயன்றதில், பேத்திக்கு இப்போது என்ன கல்யாணம் என்று என்னையே கடிந்துகொண்டார்கள். எங்கள் செட்டியார் தீபாவளி வரைக்கும் கூடத்திலேயே கடை நடத்துவார். அவரைச் சுற்றிக்கொண்டு நான் சாய்வுநாற்காலிக்குப் போகவேண்டும். சாய்வுநாற்காலி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அதன் சட்டம்தான் நான்காம் படி.

துர்க்காஷ்டமியன்று மாலை புஸ்தகங்களைப் பூஜையில் வைத்துவிட்டார்கள்; அவற்றோடு என் கணக்குப் புஸ்தகமும், பேனாவும், பாதி படித்த வாரப்பத்திரிகையும் பட்டுத்துணிக்குள் போயின. ஆகையால் இதைப் பென்சிலில் எழுதுகிறேன். ஆரம்பத்தில் பிரஸ்தாபித்த அந்த யோசனையை நான் முன்பே ஒழுங்காகப் பகுதி பகுதியாக ஒரு நல்ல அட்டையில் எழுதி வைத்திருந்தேன். தேடிப் பார்த்ததில், அது இப்போது கோபுரத்தின் மூன்றாம் நிலையாக நிற்கிறது. எழுத்துள்ள பக்கம் உட்புறம். மேலே இன்னும் நான்கு நிலைகளும் பற்பசைக் கலசங்களும் இருப்பதால் உருவ முடியாது.

பாறசாலை, செங்கல், குளத்தூர், காரக்கோணம் வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: எங்கள் வீட்டிலிருந்து எவரேனும் வந்து, காலிப் பெட்டியோ பழைய கண்ணாடியோ இருக்கிறதா என்று கேட்டால், தயவுசெய்து இல்லையென்று சொல்லிவிடுங்கள். ஒட்டகத்தை வைத்திருப்பவர்கள் அவர்களே வைத்துக்கொள்ளலாம்.